முத்துலிங்கத்தின் உள்ளங்கால்கள்

தீயணைப்பு வீரர்கள் ஐம்பத்தைந்து வயதில் இளைப்பாறுவது தேசத்துரோகம் என்று அரசாங்கம் எங்கும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு வந்த சுற்றுநிருபம் மிக மரியாதையான மொழியில் எழுதப்பட்டிருந்தது. நாடு யுத்தத்தில் இருக்கிறது, தீயும் ஓர் எதிரியே, எதிரியின் முன்னால் நிற்பவர் வயதைக் காரணம் காட்டித் திரும்புவது வழக்கமில்லை என்று அது தொடங்கியது. ஆகவே இனி ஓய்வு அறுபதில். அதற்கு முன் போக விரும்புகிறவர் தாராளமாகப் போகலாம்; ஓய்வூதியம் பின்னால் வராது. தீயை எதிர்கொள்ளும் உடற்தகுதியை இழந்துவிட்டதாக வைத்திய சபை முன் நிரூபிப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உடற்தகுதி என்றால் என்ன என்பதற்கான விளக்கம் பிறகு வரும் என்று அடிக்குறிப்பு சொன்னது.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், கடலைப் பார்த்துக் கிடக்கும் ஒரு சிறிய நகர சபையின் அறிவித்தல் பலகையில் இது குத்தப்பட்டபோது, தீயணைப்புப் பிரிவின் மூத்த வீரர் முத்துலிங்கத்துக்கு ஐம்பத்தைந்து முடிய ஒரு மழைக்காலம்தான் மீதி இருந்தது. அவர் உடப்பு என்ற கரையோரத் தமிழ்க் கிராமத்தைச் சேர்ந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் தலைநகருக்கு அருகில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தபோது எல்லாச் சபைகளிலிருந்தும் ஆட்களை அழைத்தார்கள். முத்துலிங்கமும் போனார். புகைக்கு அணியும் முகமூடிகள் களஞ்சியத்தில் இருந்தன. களஞ்சியத்தைத் திறக்கக் கையெழுத்திட வேண்டியவர் லீவில் இருந்தார். அந்தத் தீ அணைந்த பிறகு முத்துலிங்கத்தின் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. ஏணியில் பாதிக்கு மேல் ஏறினால் மூச்சு அவரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிடும்.

“முத்தண்ணே, இனி அறுபதாம்,” என்றான் வண்டிச் சாரதி முத்தலிபு, பலகையைப் பார்த்துவிட்டு. “அறுபதில நீங்க ஏணியில ஏற மாட்டீங்க. ஏணிதான் உங்களுக்கு மேல ஏறும்.”

“அறுபதோ? இந்த நெஞ்சு ஐப்பசியத் தாண்டுமோ எண்டு இரஞ்சிதம் ஒவ்வொரு நாளும் முதுகில காது வச்சுக் கேக்கிறா,” என்றார் முத்துலிங்கம். “நான் வீட்டுக்குப் போகவேணும் தம்பி. வேற ஒண்டும் வேணாம். பென்சனோட வீட்டுக்குப் போகவேணும்.”

இதைவிட எளிமையான கோரிக்கை ஒரு தொழிற்சங்கத்துக்குக் கிடைப்பது அரிது. ஆனால் சங்கம் எளிமையாக வேலை செய்து பழகியதில்லை.

கிளைக் கூட்டம் மீன்சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. கொழும்பிலிருந்து சங்கத் தலைவர் வந்திருந்தார். அவர் சிங்களத்தில் பேச, கிளைச் செயலாளர் பீற்றர் தமிழில் சொன்னார். பீற்றரும் ஒரு காலத்தில் தீயணைப்பு வீரர்தான். முழுநேரச் சங்கப் பணிக்கு வந்த பிறகு அவர் கையில் தண்ணீர்க் குழாய் இருந்ததை எவரும் கண்டதில்லை.

வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்பதைத் தலைவர் முதலில் விளக்கினார். தீயணைப்பு அத்தியாவசிய சேவை, நிறுத்தினால் சிறை. மெதுவாக வேலை செய்யும் போராட்டத்தையும் மத்திய குழு ஆராய்ந்ததாம். தீ விபத்துக்குத் தாமதமாகப் போவது ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால், போராட்டம் தொடங்கியது எவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று அதைக் கைவிட்டார்களாம்.

“எங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது,” என்றார் தலைவர். “நாங்கள் யுத்தத்துக்கு எதிரானவர்கள் அல்ல. அமைச்சருக்கு எதிரானவர்கள் அல்ல. சுற்றுநிருபத்துக்கும் எதிரானவர்கள் அல்ல. அது அமுலாவதைத்தான் எதிர்க்கிறோம். இந்தச் சங்கம் ஐந்து அரசாங்கங்களோடு பேச்சு நடத்தியிருக்கிறது. பேச்சு முடிந்துவிட்டது என்று இதுவரை எவரும் எங்களைக் குறை சொன்னதில்லை.”

கைதட்டினார்கள். அப்போதுதான் பீற்றர் தன்னுடைய யோசனையை வெளியிட்டார். அரசாங்கம் முதிய தொழிலாளியைத் தீயில் தள்ளுகிறது என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதினால் யார் வாசிப்பார்கள்? அதைக் கண்ணால் காட்ட வேண்டும். நகர சபை வாசலில் தீக்குழி. அதில் ஒரு முதிய தீயணைப்பு வீரர் வெறுங்காலோடு இறங்குவார். கால் வேகும். பத்திரிகைகள் படம் போடும். வைத்திய சபை தலைகுனியும்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் முத்துலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். உடப்பிலே திரௌபதையம்மன் கோயிலில் அவர் இளவயது முதல் தீமிதிப்பவர் என்பது ஊரறிந்த விஷயம்.

“எந்த அம்மாளுக்கு?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“தொழிலாளர் வர்க்கத்துக்கு, தோழர்.”

“அம்மாளுக்கு மிதிச்சா கால் வேகாதே.”

“அதுதான் சொல்றன், அம்மாள் வேணாம். விரதம் வேணாம், காப்பு வேணாம். மீன் இறைச்சி எல்லாம் நல்லாச் சாப்பிட்டுட்டு வாங்க, சங்கம் செலவு தரும். கொஞ்சம் வெந்தாப் போதும். நிறைய வேணாம்.”

“எனக்கு நெஞ்சுதானே பழுது. காலு நல்லாத்தானே கிடக்கு.”

பீற்றர் பொறுமையாகச் சிரித்தார். “நெஞ்சு படத்தில தெரியாது, தோழர்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முத்துலிங்கம் அப்போது இருமிக்கொண்டிருந்ததால் வாயைப் பொத்தக் கையை உயர்த்தியிருந்தார். அது ஆதரவாகக் கணக்கெடுக்கப்பட்டது.

போராட்டத்துக்கு அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. பொலிஸ் ஒரேயொரு நிபந்தனை விதித்தது: பொது இடத்தில் தீ மூட்டுவதால், தீயணைப்பு வண்டியும் ஆட்களும் கடமையில் தயாராக நிற்க வேண்டும். ஊரில் இருந்தது ஒரு வண்டி. அதன் ஆட்கள்தான் போராட்டக்காரர்கள். ஆகவே அவர்கள் இடது கையில் எதிர்ப்பின் கறுப்புப் பட்டியும் வலது கையில் கடமையின் சிவப்புப் பட்டியும் அணிந்து, தங்கள் போராட்டம் பரவிவிடாமல் தாங்களே காவல் காப்பது என்று முடிவாயிற்று. இராணுவ முகாமிலிருந்து புகை எந்தத் திசையில் போகும் என்று கேட்டார்கள். கடலை நோக்கிப் போகும் என்று சங்கம் எழுத்தில் உறுதி கொடுத்தது. கரி வாங்கும் செலவு பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. நகர சபைத் தவிசாளருக்குச் சொந்தமாகச் சிரட்டைக்கரி ஆலை ஒன்று இருந்தது. தம் ஊழியர்கள் தமக்கெதிராக நடத்தும் போராட்டத்துக்கு அவர் மூட்டை மூட்டையாக இலவசமாகக் கொடுத்தார். ஆலையின் பெயரைப் பதாகையில் போட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முத்துலிங்கத்துக்கு வேறொரு கவலை இருந்தது.

“தோழர், காலு வெந்துட்டா ஆமிச் சோதனைச் சாவடியில என்னண்டு சொல்றது?”

நியாயமான கேள்வி. அந்த வருடங்களில் புதிய காயத்தோடு வீதியில் போகும் தமிழன் அந்தக் காயத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கம் சொல்லப் போனவர்களில் சிலர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீற்றர் இதையும் யோசித்திருந்தார். சங்கத்தின் கடிதத்தாளில் மூன்று மொழியிலும் அடித்து, முத்திரை குத்தி, தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தார்: ‘இதனைக் கொண்டுவரும் முத்துலிங்கத்தின் பாதங்களில் காணப்படும் தீக்காயங்கள் தொழிற்சங்க நடவடிக்கையின்போது ஏற்பட்டவை. அவற்றுக்கும் பயங்கரவாதத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ அந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் முத்துலிங்கத்தின் பாதங்கள் சுத்தமாக இருந்தன. அவர் அதை நான்காக மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

போராட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவருடைய மனைவி இரஞ்சிதம் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

“இண்டைக்கும் மீன் அப்பிடியே கிடக்கு. ஏன் தின்னயில்ல?”

“வேணாம்போல கிடக்கு.”

“கூட்டம் முடிஞ்சு வந்த நாளில இருந்து வேணாம்போலதான் கிடக்கு. பாயில படுக்கிறீங்க. விடிய முந்தித் தலை முழுகிறீங்க. நீங்க விரதம் இருக்கிறீங்க.”

முத்துலிங்கம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். அவருக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. “சங்கம் விரதம் கூடாதெண்டு சொல்லியிருக்கு,” என்றார், குற்றம் செய்தவரைப்போல.

“சங்கத்துக்கு என்ன தெரியும்? வெந்த காலோட ஊருக்குள்ள என்னண்டு நடக்கிறது? என்ட தங்கச்சி புருசனுக்குக் கால் வெந்த வருசம், விரதத்தில என்ன குறையோ எண்டு அவங்கட வீட்டில ஒரு வாய் தண்ணி குடிக்க ஆள் போகயில்ல.”

“வேகாட்டிப் பென்சன் இல்ல, இரஞ்சிதம்.”

“வெந்தா மானம் இல்ல.”

 பிறகு அவள் உள்ளே போய் மஞ்சள் கிழங்குத் துண்டும் நூலும் கொண்டுவந்தாள். கோயிலில் பூசாரி கையால் கட்ட வேண்டிய காப்பு அது. சங்கத்தின் தீக்குழிக்குப் பூசாரி வரமாட்டார். “கட்டுறதக் கட்டுங்க. எது சரியோ அத அம்மாள் பாத்துக்கொள்ளட்டும்,” என்றாள். மறுப்பதற்கு முத்துலிங்கத்திடம் ஆயிரம் நியாயம் இருந்தது. ஆனால் காப்பில்லாமல் அவர் ஒருநாளும் தணலில் கால் வைத்ததில்லை. எப்படி வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டி, மறுநாள் அதன் மேலே கறுப்புப் பட்டியை இறக்கி மூடிக்கொண்டார்.

நகர சபை வாசலில் காலையிலேயே தீ மூட்டினார்கள். தலைவரின் வாகனம் ஒவ்வொரு சாவடியிலும் நின்று நின்று மதியம் தாண்டி வந்தது. வந்தவர் பேசினார். இராணுவ வீரர்களுக்கு வணக்கம் சொல்லும் தீர்மானம் ஒன்று. அமைச்சரின் உடல்நலம் வேண்டி ஒன்று. சங்கத்தின் வரலாறு. மறைந்த தலைவர்களுக்கு மௌன அஞ்சலி. பீற்றர் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி முடித்தபோது குழியின் மேல் பூனை படுத்ததுபோல் சாம்பல் படர்ந்திருந்தது.

முத்துலிங்கம் இறங்கினார். “அம்மாளே” என்று அவர் சொன்னதைக் கிட்ட நின்றவர்கள் கேட்டார்கள். நடந்து மறுபக்கம் ஏறினார்.

சங்கம் வாடகைக்கு அழைத்து வந்திருந்த டாக்டர் அவரை ஒரு கதிரையில் இருத்தி இரு பாதங்களையும் தூக்கிப் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை. அம்மனின் செயல் என்று சில பெண்கள் அந்தப் பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தலைவரின் பேச்சின் செயல் என்று முத்தலிபு சொன்னான். எது என்று தீர்ப்பதற்கு வழியில்லை. நகர சபைச் செயலாளர் மாடியில் நின்று எல்லோரையும்விட நீண்ட நேரம் கைதட்டினார்.

“என்ன தோழர் இது?” என்றார் பீற்றர், மனமுடைந்து. செயற்குழு குழியோரமாகவே அவசரமாகக் கூடியது. கரியைக் கிளறி, இன்னும் இரண்டு மூட்டை கொட்டி, இரண்டாவது தடவை நடப்பது என்று தீர்மானம் எடுத்தது.

புதுக் கரி பிடித்தபோது புகை, எழுத்தில் கொடுத்த உறுதியை மீறி, நிலத்தை நோக்கித் திரும்பியது. முத்துலிங்கம் அதற்குள் நடந்தார். வெளியே வந்ததும் முழங்காலில் விழுந்தார். இருமல் அவரைப் பிடித்து உலுப்பியது. முகம் நீலமாயிற்று. கண்கள் வெளியே வந்தன.

“டேய், மனிசனுக்கு மூச்சு நிக்குது, பாருங்கடா!” என்று முத்தலிபு வண்டியின் மேலிருந்து கத்தினான்.

டாக்டர் ஓடி வந்தார். முத்துலிங்கத்தின் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வலது காலைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார். புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள்.

மறுநாள் படம் வந்தது. ‘தீயை வென்ற தீயணைப்பு வீரர்’ என்று தலைப்பு. நகர சபைச் செயலாளர் அந்தப் படத்தை வெட்டி, முகப்புக் கடிதம் ஒன்றோடு வைத்திய சபைக்கு அனுப்பினார். உடற்தகுதி என்றால் என்ன என்பதற்கு அதுவரை விளக்கம் இல்லாமல் தவித்த சபைக்கு அது பேருதவியாக இருந்தது.

முத்துலிங்கம் சபை முன் போனபோது மூன்று வைத்தியர்கள் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள்.

“ஐயா, எனக்கு நெஞ்சு...”

“கடமை தீயோடு. தீயில் எது படுகிறதோ அதைத்தான் நாங்கள் பரிசோதிக்கிறோம்,” என்றார் நடுவில் இருந்தவர். “நெஞ்சுக்கு விண்ணப்பித்தால் அது வேறு சபை. அது இன்னும் அமைக்கப்படவில்லை.”

அறுபது வயதுவரை முழுத் தகுதி என்று எழுதினார்கள். தீயெதிர்ப்பில் விசேட திறமை என்று ஒரு பாராட்டுவரியும் சேர்த்தார்கள். நகர சபை அதைச் சட்டமிட்டு நிலையச் சுவரில் மாட்டியது.

சங்கம் விசாரணை வைத்தது. அவர் இருமி விழுந்தபோது கறுப்புப் பட்டி நழுவியிருந்தது. பத்திரிகைப் படத்தில் மஞ்சள் காப்பு தெளிவாக விழுந்திருந்தது. சங்கத்தின் அனுமதியின்றித் தனிப்பட்ட பாதுகாப்புச் சாதனம் ஒன்றை அணிந்து தொழிற்சங்க நடவடிக்கையில் இறங்கியதாகக் குற்றச்சாட்டு.

“அது ஒரு மஞ்சள் துண்டு, தோழர்,” என்றார் முத்துலிங்கம்.

“அதைத்தான் நாங்களும் சொல்றம்,” என்றார் பீற்றர்.

தலைவர் கொழும்பிலிருந்து எழுதிய தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ‘நிர்வாகம் கையுறை தர மறுக்கும்போது ஒரு தொழிலாளி தானே கையுறை தேடிக்கொண்டால், நிர்வாகம் பிறகு ஏன் தரும்? தெய்வத்தின் உதவியைத் தனியாக நாடியவர் கூட்டுப் போராட்டத்தை முறித்தவராவார்.’ கருங்காலி என்ற சொல்லைத் தலைவர் எழுதவில்லை. பீற்றர் வாய்மொழியாகச் சேர்த்துக்கொண்டார். முத்துலிங்கத்தின் அங்கத்துவம் இடைநிறுத்தப்பட்டது. சந்தா மட்டும் சம்பளத்தில் தொடர்ந்து வெட்டப்பட்டது.

பின்பு பேச்சு வெற்றியாக முடிந்தது. எல்லோருக்கும் அறுபது என்பதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பதிலாக, முழுநேரச் சங்கப் பணியில் இருப்பவர்கள் ஐம்பத்தைந்தில் ஓய்வூதியத்தோடு போகலாம் என்று அமைச்சு ஏற்றுக்கொண்டது. “நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் உங்கள் தீயைத்தான் சுமந்தீர்கள்,” என்று பீற்றர் கிளைக்கு விளக்கினார். “நாங்கள் எல்லோருடைய தீயையும் மனதில் சுமந்தோம்.”

ஐப்பசி போயிற்று. முத்துலிங்கம் போகவில்லை.

மாசியில் ஒருநாள் முற்பகல் தவிசாளரின் கரி ஆலையில் தீப்பிடித்தது. ஆலையின் பின்கட்டில் கரி மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வண்டி போய்ச் சேர்ந்தபோது வாசலால் தடித்த புகை வந்துகொண்டிருந்தது. யார் முன்னால் போவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. “நெருப்பில நடக்கிறவர் நீங்கதானே, சுவரில சேட்டிபிக்கட்டும் தொங்குது,” என்றார் நிலைய அதிகாரி. அதில் கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே நம்பினார்.

“முத்தண்ணே, போகாதீங்க, நான் குழாயப் பிடிக்கிறன்,” என்றான் முத்தலிபு.

“நீ வண்டியப் பாரு தம்பி. பம்ப் நிண்டா எல்லாரும் முடிஞ்சம்.”

போனார். முகமூடி இந்த முறை இருந்தது. அதன் வடிகட்டி காலாவதியாகிக் கழிந்த காலம் யுத்தத்தின் வயதைவிடச் சில வருடங்களே குறைவு. உள்ளே குழாய் கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு அசையவில்லை. பம்பை மற்றவர்களிடம் விட்டுவிட்டு முத்தலிபுவும் இன்னொருவனும் குழாயைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய் அவரை இழுத்து வந்தார்கள். உதிர்ந்து எரிந்த கரியின்மேல் விழுந்து கிடந்திருக்கிறார். சப்பாத்தின் இறப்பர் அடி உருகிப் போயிருந்தது.

தீ இன்னும் அணையாததால் வண்டியை எடுக்க முடியவில்லை. ஆலை லொறியில், கரி மூட்டைகளின் மேல் படுக்க வைத்து, மூச்சு விட வசதியாகச் சீருடையை வெட்டி அகற்றி, சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பிரதான வீதிச் சாவடியில் மறித்தார்கள். சீருடை இல்லாத ஒரு தமிழன், வெந்த கால்கள். சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். முத்தலிபு பதறிப் போய், சீருடையை வெட்டும்போது எடுத்து வைத்திருந்த முத்துலிங்கத்தின் அடையாள அட்டையை உறையிலிருந்து உருவியபோது கூடவே அந்தக் கடிதம் வந்தது.

சிப்பாய் கடிதத்தை வாங்கி முழுவதும் வாசித்தான். பாதங்களில் காணப்படும் தீக்காயங்கள். தொழிற்சங்க நடவடிக்கை. எவ்விதத் தொடர்பும் இல்லை. முத்திரையைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான். எல்லாம் பொருந்தியிருந்தது. நல்ல கடிதம், எல்லோரும் இப்படி ஒன்று வைத்திருந்தால் எங்கள் வேலை லேசாகிவிடும் என்று சிங்களத்தில் சொன்னான். சங்கம் முத்துலிங்கத்துக்காகச் செய்தவற்றில் பலித்த காரியம் அது ஒன்றுதான். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சிப்பாய் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

உடப்பில் வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சங்கத்தின் கொடியோடு பீற்றர் வந்தார். அங்கத்துவ இடைநிறுத்தம் நீக்கப்பட்டதாகச் சடலத்தின் அருகில் நின்று அறிவித்தார். இனி அவர் கருங்காலி அல்ல, தியாகி. கூட வந்த புகைப்படக்காரர் கால்மாட்டுக்குப் போனார். மூடியிருந்த துணி விலகிய இடத்தில் உள்ளங்கால்கள் தெரிந்தன: கறுத்து, வெடித்து, கொப்புளம் கொப்புளமாக.

“அக்கா,” என்று பீற்றர் இரஞ்சிதத்தின் அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார். “துணியக் கொஞ்சம் விலக்கி விடுங்க. இந்தக் காலுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அப்பவே இது கிடைச்சிருந்தா கதையே வேற. இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகயில்ல.”

 கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்களின் கண்கள் எங்கே இருக்கின்றன என்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள்.

இரஞ்சிதம் எழுந்தாள். துணியை இழுத்துப் பாதங்களைச் சுற்றி, பிள்ளையைச் சுற்றுவதுபோல் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு, பீற்றரிடம் அல்ல, அந்தப் பெண்களிடம் சொன்னாள்:

“அண்டைக்கு அவர் காப்புக் கட்டியிருக்கயில்ல. வேலைக்குப் போனவர்.”

 பீற்றர் சற்று நேரம் காத்திருந்து பார்த்தார். முடிச்சு அவிழும் என்று தோன்றவில்லை. வந்ததற்கு ஏதாவது எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையசைத்தார். புகைப்படக்காரர் தலைமாட்டுக்கு வந்து, நெஞ்சளவில் ஒரு படம் எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.